மூணு நாய்த் தம்பி

நீங்கள் சீசர் அங்கிளின் பெண்தானே? பார்த்ததுமே தெரிந்துவிட்டது அக்கா. அதே மூக்கு. இப்படி உட்காருங்கள், இந்தப் பாலத்துச் சுவரில். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம்தான், ஆனால் எனக்கு அனுமதி இல்லை. இந்த நாவல்குளம் பூங்காவுக்குள் நாய் போகலாம், கொசு போகலாம், போன மாதம் ஒரு சாரைப்பாம்பு போய் பெஞ்சுக்கடியில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தது. நான் மட்டும் போகக் கூடாது. கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் என் எல்லை.

அதோ நிற்கிறாரே, அவர்தான் சன்னாசி அண்ணன், கேட் காவலர். தேனிப் பக்கம். நம்மையே பார்க்கிறார் பாருங்கள். இப்போது மனசுக்குள் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஏலேய், அந்தம்மாட்ட என்னாடா ரீல் சுத்துற? வகுந்துபுடுவேன் வகுந்து!" எப்படி? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவரேதான்.

சிரிக்க மாட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை.

சீசர் காரில் ஏற மாட்டேன் என்கிறான், இல்லையா? நீங்கள் பிஸ்கட் காட்டியதையும் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்ததையும் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கார் கதவுக்குக் கீழே இப்படிக் கவிழ்ந்து படுத்துவிட்டால் அவனைக் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். கவலைப்படாதீர்கள். அவனை ஏற்றிவிடுவது என் பொறுப்பு. பதிலுக்கு ஒரே ஓர் உதவி. போகும்போது சன்னாசி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "கஷ்டப்பட்டது எங்க அப்பா. எங்களுக்கே இந்தப் பையன் மேல வருத்தமில்ல. உள்ள விடுங்க." அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. பிங்கி ஆன்ட்டி உள்பட.

அப்பாவை அன்று ஏன் யாருமே தேடவில்லை, அதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? எல்லாம் சொல்கிறேன். என்னைவிட யாருக்கும் தெரியாது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் யார் பக்கம் என்று புரியும்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. காலையிலும் சாயங்காலமும் நாயோடு நடக்க வருகிற யாருக்கும் இன்னொருவர் பெயர் தெரியாது. நாய் பெயர்தான் தெரியும். பிங்கி என்று ஒரு பொமரேனியன், அதன் அம்மா பிங்கி ஆன்ட்டி. ராம்போ என்று முழ நீளத்தில் ஒரு குட்டை நாய், அதைக் கூட்டிவருகிற ரிட்டையர்ட் புரொபசர் ராம்போ சார். உங்கள் அப்பா சீசர் அங்கிள். எனக்குச் சொந்தமாக நாய் கிடையாது. பக்கத்து அபார்ட்மென்ட்டில் மூன்று வீட்டு நாய்களை நான்தான் நடத்திக்கொண்டு வருவேன். அதனால் நான் மூணு நாய்த் தம்பி. என் பெயர் நவநீதன். சொல்லிப் பாருங்கள், யாருக்காவது தெரிகிறதா என்று.

குரல்தான் என் விளையாட்டு. பிங்கி ஆன்ட்டி எப்படி என்றால், "ஏங்கண்ணு, அந்த நாயக் கொஞ்சம் அக்கட்டால இழுத்துக்கோ. எம் பிங்கிக்கு ஊர் நாய் வாசமே ஆவாது!" ராம்போ சார் எப்படி என்றால், மூக்கடைத்த மாதிரி, "டெக்னிக்கலா பாத்தா, நாய் நாயக் கடிக்கல. அறிமுகம் பண்ணிக்குது." அந்த அறிமுகத்தில் ராம்போவுக்குக் காதில் மூன்று தையல். நாய்களையும் விட்டுவைக்க மாட்டேன். பிங்கி கீச்சென்று கத்துவது, ராம்போ இருமுவது மாதிரிக் குரைப்பது, எல்லாம் வரும். ஒரு தடவை புதருக்குப் பின்னால் நின்று சீசர் மாதிரி மூன்று போடு போட்டேன். பிங்கி ஆன்ட்டி பயந்து நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பூங்காவே சிரித்தது. அன்றிலிருந்து எங்கே என்ன சத்தம் கேட்டாலும் என் தலையில்தான். இலை உதிர்ந்தாலும் நான்தான். என் அம்மாவே நான் போன் பண்ணினால், "யாருடா பேசறது? நெசமாலுமே நவநீயா?" என்றுதான் கேட்பாள். அதை விடப் பெருமை என்ன வேண்டும்!

உங்கள் அப்பா குரல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆக. அந்த 'ஆக' இல்லாமல் அவருக்கு வாயே திறக்காது, இல்லையா? "ஆக, வானம் மூடிக்கிட்டு இருக்கு. ஆக, மழை வரும். ஆக, திரும்பிடலாம்." அவர் எதிரிலேயே செய்து காட்டுவேன். கோபித்துக்கொள்ளவே மாட்டார். "ஆக, நான் வீட்டுலயே இருக்கலாம். நீயே சீசரக் கூட்டிட்டு வந்து நீயே பேசிக்கலாம்" என்பார். தங்கமான மனுஷன்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் போனை வாங்கித்தான் பேசி அனுப்புவார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புனே. தினமும் புனேதான். "ஆக, பொண்ணு கூப்புடுது. ஆக, அடுத்த மாசம் கிளம்பறேன்." அடுத்த மாசம் வரும், போகும், அங்கிள் இங்கேயேதான் இருப்பார். பிங்கி ஆன்ட்டி கூட, "ஏனுங், புனே ரயிலு இன்னும் கோயமுத்தூருக்கே வந்து சேரலீங்ளா?" என்று ஓட்டுவார். நீங்கள் நிஜமாகவே கூப்பிட்டீர்களா அக்கா?

சரி, விடுங்கள். சும்மாதான் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒன்று தோன்றியது. நல்ல ஐடியா. இப்போது கேட்டாலும் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "ஆக, எல்லாருக்கும் வணக்கம். மூணு நாய்த் தம்பி போன்லருந்து சீசர் அங்கிள் பேசறேன். பொண்ணு டிக்கெட் போட்டுடுச்சு. ஆக, விடிஞ்சா புனே கிளம்பறேன். சீசரும் கூட வர்றான். ஆக, ஒரு மாசம் யாரும் தேட வேண்டாம்."

எல்லோரும் நம்பிவிட்டார்கள்! பிங்கி ஆன்ட்டி கும்பிடு போட்டார். ராம்போ சார் புனே குளிரைப் பற்றி நாலு நிமிஷம் பேசி அனுப்பினார். என் கணக்கு என்ன என்றால், திங்கட்கிழமை காலையில் எல்லோரும் குளக்கரையில் நின்று அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது அங்கிள் சீசரோடு ஆடி அசைந்து வருவார். அந்த முகங்களை நினைத்துப் பாருங்கள். அவர்தான் என் வெடிக்குத் திரி. அவர் வந்தால்தான் ஜோக்கே முடியும். அவர் வராமல் போவார் என்று யார் கண்டது?

வழக்கமாக ஒருவர் வராவிட்டால் பிங்கி ஆன்ட்டி சும்மா இருக்க மாட்டார், அதையும் சொல்லியாக வேண்டும். முன்பு ராம்போ சார் காய்ச்சலில் ஒரு நாள் வரவில்லை. ஆன்ட்டி தெருத் தெருவாகப் போய், "ராம்போ வீடு எதுங்?" என்று விசாரித்து ரசம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படிப்பட்டவர். ஆனால் புனே போயிருக்கிற ஆளை யார் தேடுவார்கள்? அவரையும் குறை சொல்ல முடியாது பாருங்கள்.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வந்தாயிற்று. அங்கிளைக் காணோம். நான் உள்ளுக்குள் துடிக்கிறேன். ராம்போ சார் மறுபடியும் புனே குளிரை ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் மூங்கில் பக்கத்திலிருந்து குரைப்பு கேட்டது.

மூங்கில் பக்கம் என்றால், அதோ, கரை வளைந்து மரங்கள் அடர்த்தியாகிற இடம் தெரிகிறதா? உள்ளே போனால் ஒற்றையடிப் பாதை, அப்புறம் மூங்கில் புதர், அதைத் தாண்டினால் தண்ணீர். அந்தப் பக்கம் வேலியில் ஒரு பொத்தல் உண்டு. சில நாள் உங்கள் அப்பா கேட் வழியாக வராமல் அந்தப் பொத்தல் வழியாகச் சீசரைக் கூட்டிவருவார். கேட் வழியாக வந்தால் சன்னாசி அண்ணன் கயிற்றை அவிழ்க்க விட மாட்டார். சீசருக்கோ தண்ணீரில் இறங்கி முக்குளித்தால்தான் ஜென்ம சாபல்யம். அவன் நீந்துவதைப் பார்த்தபடி அங்கிள் வேர் மேல் உட்கார்ந்திருப்பார். இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். "ஆக, நீ பாக்கல. ஆக, நானும் இங்க இல்ல" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்தான். அன்றைக்கும் சொல்லவில்லை.

குரைப்பா? லொள், லொள், லொள் என்று விடாமல். நடுவில் கொஞ்சம் ஊளை மாதிரி இழுத்தது. ராம்போ சார் காதைத் தீட்டிக்கொண்டு, "சீசர் வாய்ஸ் மாதிரி இருக்கே" என்றார். பிங்கி ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவிங்க ரயிலு இந்நேரம் கெளம்பிப் போயிருக்கும். இது நம்ம மூணு நாய்த் தம்பி வேலைங். வாயே அசையல பாருங்க, எப்புடித்தான் பண்றானோ! டேய், போதும் நிறுத்துடா, காது வலிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தாத்தா கை தட்டினார்.

நான் என்ன செய்ய முடியும் அக்கா? குனிந்து ஒரு வணக்கம் போட்டேன். வாயை அசைக்காமல் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற மாதிரிக் குரைக்க இன்றுவரை எனக்கு வராது. வந்தது மாதிரி நாலு பேர் பாராட்டும்போது இல்லை என்றா சொல்வேன்? அதுவும் இல்லாமல் எனக்கு ஒரு சந்தேகம். அங்கிளுக்கு என் வாய்ஸ் மெசேஜ் விஷயம் யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது, எனக்கே திருப்பிக் காட்டுகிறார், மூங்கிலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாயைக் குரைக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நானாகப் போய்ப் பார்த்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும். போகவில்லை. பலே அங்கிள், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீர்கள் பார்க்கலாம் என்று நாய்களை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டேன்.

ஆமாம். நான் கிளம்பும்போதும் குரைத்துக்கொண்டுதான் இருந்தான்.

சாயங்காலம் வந்தபோது குரைப்பு இல்லை. பாட்டரி தீர்ந்த பொம்மை மாதிரி ஒரு சத்தம், கர், கர் என்று. என்னிடம் இருக்கிற மூன்றில் ஜூலி என்று ஒரு கிழட்டு நாய். அது தரதரவென்று என்னை மூங்கில் பக்கம் இழுத்தது. போனேன். அங்கிள் தண்ணீருக்கு ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் தண்ணீரில். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது அக்கா, என்னைப் பார்த்தார். சீசர் அவர் நெஞ்சை ஒட்டி உட்கார்ந்திருந்தான். நகரவே இல்லை. காலையிலிருந்து நகரவே இல்லை போலிருக்கிறது. போயிருந்தால் யாரையாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவான்?

இனிமேல்தான் என் பங்கு, நன்றாகக் கேளுங்கள். கரைக்கு ஓடி வந்து கத்தினேன். "ஓடி வாங்க! சீசர் அங்கிள் விழுந்து கிடக்கறாரு! நான் நவநீதன் கூப்பிடறேன், வாங்க!" சொந்தக் குரலில். தொண்டை கிழிகிற மாதிரி. அந்தக் கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையை ஆட்டினார். ராம்போ சார் அங்கிருந்தே, "யாருப்பா இது, புதுக் குரலா? நல்லாருக்கு!" என்றார். நல்லாருக்காம்!

என்ன செய்வது? மூச்சை இழுத்துப் பிடித்துப் பிங்கி ஆன்ட்டி குரலில் ஒரு போடு போட்டேன். "ஐயோ சாமீ! எல்லாரும் ஓடியாங்க! மூங்கிப் பக்கம் ஓடியாங்க!" அடுத்த நொடி அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். சன்னாசி அண்ணன் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்தார். பிங்கி ஆன்ட்டியும் ஓடி வந்தார், தன்னுடைய குரலைக் கேட்டு! அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஆனால் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பையன் கேட்டான், "பேஷன்ட் பேரு?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருஷம் ஒன்றாக நடந்தவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. போனைத் தேடினால் அது தண்ணீருக்குள் போயிருக்கிறது. கடைசியில் பிங்கி ஆன்ட்டி அழுதுகொண்டே, "சீசர்னு போட்டுக்கங்" என்றார். அங்கிள் கிறிஸ்தவர் போலிருக்கிறது என்று நினைத்து அந்தப் பையன் அப்படியே எழுதிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலும் சீசர். நீங்கள் புனேயிலிருந்து போன் போட்டு, போலீஸுக்குச் சொல்லி, ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக "அமிர்தலிங்கம், அமிர்தலிங்கம்" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அங்கே சீசர் என்ற பெயரில் படுத்துக்கொண்டிருக்கிறார்! அவரால் பேச முடிந்திருந்தால் சொல்லியிருப்பார். பேச முடியவில்லையே.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. சரி.

இப்போது சொல்லுங்கள், அவரைக் கண்டுபிடித்தது யார்? ஆளைக் கூட்டியது யார்? அதற்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். பிங்கி ஆன்ட்டிக்கு முதலில் கோபம், "எங்கொரல எடுத்துக் கத்த நீ யார்ரா?" என்று. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் விஷயம் தெரிந்துவிட்டது. அப்புறம் குரைப்பு. "அந்த மனுசன் அங்க உசுருக்குப் போராடிட்டுக் கெடக்குறாரு, இவன் இங்க நின்னு நாயாட்டம் கொரைச்சு வெளாண்டுட்டு இருந்தானே!" என்று ஒரே அழுகை. குரூப்பிலிருந்து நீக்கினார்கள். கேட்டில் சொல்லி வைத்தார்கள். மூன்று வீட்டிலும் நாயைக் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்கள். ஒரு வாரமாக நான் யாரிடமும் பேசவில்லை அக்கா. யார் குரலில் பேசுவது? இந்தச் சுவரில் உட்கார்ந்து பஸ் ஹாரனைச் செய்துகொண்டிருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? அது நிஜமாகவே சீசர்தான் என்று எனக்கு அப்போதே தெரியுமா என்றா?

தெரியும். குரைத்தது நான் இல்லை என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்.

இல்லை, யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். பிங்கி ஆன்ட்டி இன்னமும் நான்தான் குரைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால்... சொன்னால் அடுத்தது நீங்கள் கேட்டதைத்தான் அவரும் கேட்பார்.

டாக்டர் என்ன சொன்னார்? காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்றா?

அக்கா, நேரமாகிறது. முதலில் சீசரை ஏற்றிவிடலாம். பாருங்கள் இப்போது. ம்ஹும். "ஆக, வாடா சீசர். ஆக, ஏறுடா. போலாம்."

இரு, இரு. "ஆக, சீசர்."

இவன் எப்போதுமே இப்படித்தான். பூங்காவில் அத்தனை பேரும் ஏமாந்தார்கள், இவன் ஒருத்தன் ஏமாந்ததே இல்லை. என் வாயை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான். காதைக்கூட நிமிர்த்தவில்லை பாருங்கள். எதிலோ குறை இருக்கிறது. என்ன என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

யாருக்குப் போன் போடுகிறீர்கள்? நர்ஸுக்கா? அப்பாவிடம் கொடுக்கச் சொல்கிறீர்களா? அவரால்தான் பேச முடியாதே.

ஓ. அது ஒன்று மட்டும் வருகிறதா?

ஆமாம், கேட்கிறது. "ஆக." அப்புறம் ஒன்றும் இல்லை. மறுபடியும், "ஆக."

அக்கா, சீசர் எழுந்துவிட்டான்! போனை அவன் காதுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள். வாலைப் பாருங்கள். அழுகிறான். ஏறிவிட்டான், அவனாகவே ஏறிவிட்டான்.

கதவை மூடாதீர்கள், ஒரு நிமிடம். சன்னாசி அண்ணனிடம் சொல்ல வேண்டியது இல்லை, அது கிடக்கட்டும். அந்தப் போனை ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். யார் குரலிலும் பேச மாட்டேன், சத்தியமாக.

அங்கிள். நான்தான். மூணு நாய்த் தம்பி.

"ஆக" என்கிறார் அக்கா. மூச்சு மட்டும் கேட்கிறது. போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மேலே நான் என்ன சொல்லட்டும்?